பச்சைக் குழந்தையும் பழைய வழக்கமும்
(குழந்தைக்குப் பெயர் வைப்பதற்காகக் கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இக்குழந்தைக்குப் பெயர் வைப்பதற்காக இன்று நம்மை இங்கு அழைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பது அரை நிமிஷ வேலை. அதற்கு ஒரு புரோகிதரும் வேண்டியதில்லை. நம்மைப் போன்ற ஒரு பிரசங்கியும் வேண்டியதில்லை. பெற்றவர்கள் தங்களுக்குப் பிடித்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தீர்ந்தது. ஆனால் பெற்றோர்களும், பாட்டிமார்களும், இனிமேல் பெற்றோராகப் போகிறவர்களும் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால், பெயரைக் காட்டிலும் முக்கியமான ஒரு விஷயத்தைப் பேசலாமென்று நினைக்கிறோம். பெயர் வைத்த பிள்ளையை உயிரோடும் சுகத்தோடும் வைத்துக் கொள்ளுவது எப்படி என்பதே அவ்விஷயமாகும்.

நாம் வைத்தியம் படித்தவரல்ல. டாக்டர்களும் நர்சுகளும் எழுதியதைப் படித்தும், அவர்களைக் கேட்டும் தெரிந்து கொண்டதையே சொல்லப் போகிறோம். நாம் சொல்லுகிறோமே என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். உங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்சம்மாளையும் கேளுங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்; படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். வயது வந்த மனிதன் ஒருவன் ராகுகாலம் பார்த்துப் பஸ்ஸை விட்டுவிட்டால் அந்த நஷ்டம் அவனைச் சேர்ந்தது. ஜோசியனிடம் பணத்தைக் கொட்டினால் அவன் பணம் போகிறது. மறுநாள் புத்தி வந்தாலும் வரலாம். ஆனால் பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு “எனக்கு இது வேண்டாம்” என்று சொல்ல வாய் இல்லை. எழுந்து ஓடக் கால் இல்லை. அதன் வாயில் நாம் எதை ஊற்றினாலும் விழுங்குகிறது. அதன் உடம்பில் எதைப் பூசினாலும் தாங்கிக் கொண்டு கிடக்கிறது. நம்பிக்கை நம்முடையது, அதற்குக் கொடுக்கிற விலையோ அந்தக் குழந்தையின் உயிர். ஆதலால் மற்ற எந்தக் காரியத்தில் மூடநம்பிக்கையை மன்னித்தாலும், பிள்ளை வளர்ப்பில் மட்டும் மன்னிக்க முடியாது என்கிறோம்.

கிரகம் மாறிற்றா?

2022-ம் வருஷத்தில் உலகமெங்கும் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாளைக்குள் இறந்து போனதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதி இந்த முதல் மாதத்திலேயே செத்து விடுகின்றன. நம் இந்தியாவில் 1971-ல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. 2020-ல் அது 28 ஆகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 13 ஆகக் குறைந்தது.

இது எப்படிக் குறைந்தது என்று நாம் கேட்கிறோம். இந்த ஐம்பது வருஷத்தில் கிரகங்கள் ஏதாவது தங்கள் போக்கை மாற்றிக் கொண்டனவா? சனி இளகி விட்டானா? செவ்வாய்க்கு இரக்கம் வந்து விட்டதா? ஒன்றுமில்லை. அவை அப்படியே சுற்றிக் கொண்டிருக்கின்றன. மாறியதெல்லாம் பூமியில்தான். பிரசவம் ஆஸ்பத்திரிக்கு வந்தது, தடுப்பூசி வந்தது, கை கழுவும் சோப்பு வந்தது, பெண்கள் நாலெழுத்துப் படித்தார்கள். “தலையெழுத்து” என்று நம் முன்னோர்கள் அழுது புதைத்தவைகளில் பெரும்பாலானவை தலையெழுத்தல்ல. தடுத்திருக்கக் கூடியவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

தீட்டு

பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்கிறோம். வெறும் பாயும் பழைய துணியும் கொடுத்துக் காற்றில்லாத மூலையில் தள்ளுகிறோம். பத்து மாதம் சுமந்து, உயிரைப் பணயம் வைத்து ஒரு மனித ஜீவனைக் கொண்டு வந்தவளுக்கு இந்த வீடு செய்கிற முதல் மரியாதை தீண்டாமையாயிருக்கிறது! பிரசவம் பார்க்கும் வேலையை ஒரு ஜாதிப் பெண்களின் தலையில் கட்டி, அவளையும் தாழ்ந்தவள் என்றோம். பிள்ளையை எடுத்துக் கொடுத்த கை தாழ்ந்த கை. தட்டில் தட்சணை வாங்கின கை உயர்ந்த கை! இது என்ன நியாயம்?

சிலர் கேட்கலாம்: “கண்டவர்கள் தொடக்கூடாதென்று பெரியவர்கள் சொன்னதில் சுகாதாரம் இருக்கிறதல்லவா?” என்று. கை கழுவாமல் தொடாதே என்பது சுகாதாரம். அதை நாமும் சொல்லுகிறோம். ஆனால் தீட்டுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? புரோகிதர் தண்ணீர் தெளித்தவுடன் தீட்டுப் போய் விடுகிறது, கிருமி போகுமா? கிருமிக்குப் பதினோராம் நாள், பதினாறாம் நாள் என்கிற பஞ்சாங்கம் தெரியாது. ஜாதியும் தெரியாது. மாமியார் கையிலிருந்தாலும், மந்திரி கையிலிருந்தாலும் அது குழந்தைக்கு ஒன்றே.

கையின் அழுக்கு உயிரை வாங்குமென்று கண்டது எப்படித் தெரியுமா? 1847-ல் ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அங்கு டாக்டர்கள் பிரசவம் பார்த்த பகுதியில் அவ்வருஷம் ஏப்ரல் மாதம் பிள்ளை பெற்ற தாய்மார்களில் 100-க்கு 18 பேர் ஜுரம் கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பகுதியில் இவ்வளவு சாவு இல்லை. காரணத்தைத் தேடினார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்ததைக் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே உள்ளே வரவேண்டுமென்று உத்தரவு போட்டார். ஜூலை மாதத்தில் சாவு 100-க்கு ஒன்று சொச்சமாக இறங்கிற்று. அதற்காக அவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன? பெரிய டாக்டர்கள் பலர், “எங்கள் கை அழுக்கா?” என்று சீறினார்கள். 1865-ல் அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆகவே மூடப்பிடிவாதம் பட்டிக்காட்டுக்கு மட்டும் சொந்தமென்று பட்டணத்துத் தோழர்கள் எண்ணிக் கொள்ள வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: குழந்தையைத் தூக்குகிறவர் யாராயிருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சளி, இருமல் உள்ளவர் தூரத்தில் நின்று பார்க்கட்டும். வருகிறவரெல்லாம் முத்தம் கொடுக்க வேண்டாம். தாய்க்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள அறையைக் கொடுங்கள்.

சீம்பாலும் சேனையும்

மாடு கன்று போட்டவுடன் சீம்பாலைக் கன்றுக்கு விட வேண்டுமென்று நமக்குத் தெரியும். விடாவிட்டால் கன்று தேறாதென்று எந்தக் குடியானவரும் சொல்லுவார். ஆனால் தன் வீட்டுப் பெண்ணுக்கு ஊறும் மஞ்சளான கெட்டிப் பாலை மட்டும் “கெட்ட பால், பீய்ச்சிக் கொட்டு” என்கிறார். மாட்டுக்கு உள்ள நியாயம் மனுஷிக்கு இல்லையா? அந்த முதல் பாலில் நோயை எதிர்க்கும் சத்து நிறைந்திருக்கிறது. அது குழந்தைக்குத் தாய் போடும் முதல் தடுப்பு மருந்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். அளவு கொஞ்சமாயிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். முதல் நாளில் குழந்தை ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் குடிப்பது அரிது. அதுவே அதற்குப் போதும்.

இதைக் கொட்டிவிட்டு நாம் எதைக் கொடுக்கிறோம்? சேனை! சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் கழுதைப் பால். சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வருமாம். ஊரில் பெரிய மனிதர் ஒருவர் நூறு பிள்ளைகளுக்குச் சேனை வைத்திருப்பார். அந்த நூறு பேரும் எங்கே? அவர்களில் எத்தனை பேர் பெரிய மனிதரானார்கள்? வக்கீல் வைத்த சேனையால் வாதாடும் திறமை வருமானால் சட்டக் கல்லூரி எதற்கு?

தேன் நல்லதுதானே என்பீர்கள். நமக்கு நல்லது, ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஆகாது. சில தேனில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து, விஷத்தை உண்டாக்கி, கை கால்களைத் துவளச் செய்து, மூச்சையும் நிறுத்தி விடக் கூடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. சித்திரை வெயிலிலும் தண்ணீர் வேண்டியதில்லை. ஏனெனில் தாய்ப்பாலில் 100-க்குச் சுமார் 88 பங்கு தண்ணீரே. இரவும் பகலுமாக ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, குழந்தை கேட்டபோதெல்லாம் கொடுக்க வேண்டும். பால் போதுகிறதா என்று அறிய மந்திரவாதி வேண்டாம், துணியை எண்ணுங்கள். ஐந்து நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது. பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்து விட வேண்டும். ஐந்தாம் மாதவாக்கில் எடை இரட்டிப்பாகும். ஒரு வயதில் மும்மடங்காகும்.

பால் கொடுப்பவளை மட்டும் பட்டினி போடுகிறோம்! பத்தியம் என்று காய் வேண்டாம், பழம் வேண்டாம், தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்கிறோம். தீனி போடாத பசுவிடம் படி படியாய்ப் பால் கேட்பவனை என்னவென்று சொல்லுவீர்கள்? பால் கொடுக்கிறவள் முன்னைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டும். தாகம் தீரக் குடிக்க வேண்டும்.

கொடியும் குளியலும்

கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாதென்று எண்ணெய்யில் முகம் பார்க்கச் சொல்லுகிறார்கள். நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கும். அவ்வளவு பிள்ளைகளும் மாமனைக் கொல்வதாயிருந்தால் நாட்டில் மாமன்மாரே மிஞ்சியிருக்க மாட்டார்கள்!

கொடியால் வரக்கூடிய உண்மையான ஆபத்து வேறு. முன்னாளில் அரிவாளாலும், கண்ட கத்தியாலும் கொடியை அறுத்து, அதன்மேல் சாணத்தையும் சாம்பலையும் அப்பினார்கள். ஏழெட்டு நாளில் குழந்தை வாய் கட்டிப் போய், பால் குடிக்க முடியாமல், வில்லாய் விறைத்துச் செத்தது. “பேய் அடித்தது” என்றார்கள். அடித்தது பேயல்ல, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ரணஜன்னிக் கிருமி. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டும், கொடியைச் சுத்தமாக அறுத்தும் அந்தப் “பேயை” ஓட்டினார்கள். தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புக் கொண்டது. எந்தப் பூசாரி இவ்வளவு பேயை ஓட்டினான்?

ஆகவே தொப்புளில் விபூதியோ, மஞ்சளோ, எண்ணெயோ வைக்காதீர்கள். அதைச் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்து விடும்.

பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். ஒரு நாளாவது போகட்டும். குழந்தைக்குச் சூட்டைக் காத்துக் கொள்ளும் சக்தி குறைவு. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது ஆகியவை யாவும் ஆபத்தானவை. சில குழந்தைகளுக்கு மார்பு வீங்கியிருக்கும். அது தாயின் உடம்பிலிருந்து வந்த சுரப்பின் வேலை. தானே வடிந்து விடும். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ் பிடிக்கும். கண்ணுக்கு மை வேண்டாம். பல மைகளில் ஈயம் இருக்கிறது. சாம்பிராணிப் புகையும் வேண்டாம். அந்தப் பிஞ்சு நுரையீரலுக்குக் காற்றுப் போதும். மல்லாக்கப் படுக்க வைத்துத் தூங்கச் செய்யுங்கள்.

உரமும் தொக்கமும்

குழந்தை அழுதால் உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். பால் குடிக்காவிட்டால் தொக்கம் என்று ஊதி எடுக்கிறார்கள். எடுப்பவன் முடியையும் கடலையையும் கையில் காட்டுகிறான். பால் தவிர ஒன்றும் அறியாத குழந்தையின் வயிற்றில் கடலை எந்த வழியாய்ப் போயிற்று என்று ஒருவராவது கேட்டீர்களா?

“எடுத்த பிறகு அழுகை நின்றதே” என்பீர்கள். அதற்கும் காரணம் சொல்லுகிறோம். சுகமான குழந்தையும் முதல் வாரங்களில் நாளுக்கு நாள் அதிகமாக அழும். ஆறாவது வார வாக்கில் சில குழந்தைகள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கூட அழும். பிறகு தானே குறைந்து, மூன்று நாலு மாதத்தில் அடங்கும். அழுகை உச்சியில் இருக்கும்போது உரம் எடுக்கிறவனிடம் போகிறீர்கள். அது இறங்கும்போது அவனுக்குப் பெயர் வருகிறது. விடியற்காலையில் கூவிய சேவல், சூரியனை நான்தான் வரவழைத்தேன் என்று சொல்லுவது போன்றதே இது.

அழாத குழந்தைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, உடம்பு சுடுதல் அல்லது ஜில்லிடுதல், நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குதல், மூச்சில் நெஞ்சு உள்ளே குழிதல், தொட்டு எழுப்பினாலொழிய அசையாதிருத்தல், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் மந்திரிக்கப் போகாதீர்கள். தாயத்துக் கட்டும் ஒரு மணி நேரத்தில் குழந்தை கை நழுவி விடும். 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காமாலையைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் கொஞ்சம் மஞ்சள் காணும், தானே தணியும். முதல் நாளிலேயே கண்டாலும், கை கால் வரை பரவினாலும் அது மூளையைக் கெடுக்கக் கூடும். அதற்கு ஆஸ்பத்திரியில் நீல விளக்கில் வைப்பார்கள். அந்த வைத்தியம் வந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ராச்போர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்டு என்ற நர்சு குழந்தைகளை வெயிலில் கொண்டு போய் வைப்பது வழக்கம். 1956-ல் ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை டாக்டர்களுக்குக் காட்டினார். அவர்கள் உடனே சூரிய நமஸ்காரத்துக்கு ஏற்பாடு செய்யவில்லை! சோதித்துப் பார்த்து, வெளிச்சமே காரணமென்று கண்டு, விளக்கைச் செய்து, 1958-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். கண்ணால் கண்டதைச் சோதிப்பது பகுத்தறிவு. சோதியாமல் சடங்காக்குவது மூடத்தனம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவே. (உங்கள் குழந்தையை வீட்டு வெயிலில் காட்டினால் போதுமென்று இருந்து விடாதீர்கள், மஞ்சள் எவ்வளவு என்று டாக்டர் பார்க்கட்டும்.)

வளர்ச்சி

பிறந்த குழந்தை மண்பொம்மை அல்ல. அதற்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் இருப்பது தெரியும். அதாவது பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம். தாயின் குரலை வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகி வருகிறது. ஒன்றரை இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். மூன்று நாலு மாதத்தில் தலை நிற்கும். ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் பிடிக்காமல் உட்காரும். ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் நடக்கும். உச்சிக் குழி ஒன்றரை வயது வாக்கில் மூடும். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மிகவும் தாமதித்தால் ஜாதகத்தைத் தூக்காமல் குழந்தையைத் தூக்கிக் கொண்டு டாக்டரிடம் போங்கள். பேசத் தெரியாத பிள்ளையோடு என்ன பேச்சு என்று இருக்காதீர்கள். பேசப் பேசத்தான் அதன் புத்தி விரிகிறது. பிறந்தவுடன் போட வேண்டிய ஊசி மருந்துகளையும், பிறகு 6, 10, 14-வது வாரங்களில் போட வேண்டியவைகளையும் நாள் நட்சத்திரம் பார்க்காமல் போட்டு விடுங்கள்.

தகப்பன் வேலை

கடைசியாக ஆண்களுக்குச் சொல்லுகிறோம். பிள்ளை பெண்ணாய்ப் பிறந்தால் பெற்றவளை ஏசுகிறீர்கள். ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் வித்து தகப்பனிடமிருந்து வருவதாகும். இதை 1905-ல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒருவகை வண்டில் ஆராய்ந்து காட்டினார். ஏச வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று ஏசிக் கொள்ளுங்கள்! இந்நாட்டில் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றினார்கள். அதைத் தடுக்க 1992-ல் சர்க்கார் தொட்டில் வைத்து, “கொல்லாதீர்கள், எங்களிடம் போட்டு விடுங்கள்” என்று கேட்க வேண்டியிருந்தது. இந்த வெட்கம் யாருடையது?

எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையை 1978-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தார். அவருக்குப் போதிய இயந்திரம் இல்லை. ஆனால் மனித உடம்பின் சூடு இருந்தது. இந்தச் சூடு தகப்பன் மார்பிலும் இருக்கிறது! பால் கொடுப்பது ஒன்று தவிர மற்ற எந்த வேலையைத் தகப்பன் செய்ய முடியாது? துணி அலசலாம், ராத்திரியில் தூக்கி வைத்துக் கொள்ளலாம், தாயை இரண்டு மணி நேரம் தூங்க விடலாம். அவள் காரணமில்லாமல் அழுதாலும், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலும், பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்ற வியாதி அது, வைத்தியத்தால் தீரும்.

தோழர்களே! தாய்மார்களே! நாம் புதிதாய்ப் பணம் செலவு செய்யச் சொல்லவில்லை. தாய்ப்பாலுக்கு விலையில்லை, தடுப்பூசி இலவசம், சோப்புக்கு ஆகும் காசு தாயத்துக்கு ஆகும் காசைவிடக் குறைவு. செலவைக் குறைக்கவே சொல்லுகிறோம். பெரியவர்களைப் பகைக்கவும் சொல்லவில்லை. பாட்டியின் அன்பு வேண்டும். அவள் மடியும் கதையும் வேண்டும். அவள் சாம்பல் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு வழக்கத்தையும் பார்த்து, “இது என் குழந்தைக்கு என்ன செய்யும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கக் குழந்தைக்கு வாயில்லை. அதற்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.